சைட்டில் ரேடியோ பாடட்டும், கரண்ட் அறைக்குள்ளேயே இருக்கட்டும்

வீட்டு வேலை நடக்கிற இடத்தில் கட்டிங் மெஷினுக்கு வயர் இழுக்கும்போது எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கும். பிளக் சரியாக இருக்கிறதா, வயர் நனைகிறதா என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். ரேடியோவுக்கு அந்தப் பயமே கிடையாது. பாட்டுப்பெட்டிதானே, இது என்ன செய்துவிடப் போகிறது என்ற நினைப்பு. உண்மைதான், சாதாரண சத்தத்தில் ரேடியோ எடுக்கிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், ஐந்து பத்து வாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் போகிற வயரில் நிற்பது கட்டிங் மெஷினுக்குப் போகிற அதே 230 வோல்ட். வயரைத் தொட்டவனுக்கு மறுமுனையில் மாட்டியிருப்பது மெஷினா ரேடியோவா என்று கரண்ட் பார்ப்பதில்லை.

நான் வயரிங் வேலை பார்க்கிறவன். கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்நகர் பக்கம் ஒரு வீடு, ஆடி மாதம், டைல்ஸ் வேலை ஓடிக்கொண்டிருந்தது. டைல்ஸ் வெட்டுகிற தண்ணீர் ஹால் முழுக்க நிற்கிறது. வீட்டுக்காரரின் மைத்துனர் குவைத்திலிருந்து கொண்டுவந்த ஒரு ரேடியோ, நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுகிற வயர் வைத்த பழைய மாதிரி, மூன்று சதுர முனை பிளக். நம் ஊர் சாக்கெட்டில் அது போகாது. கையாளாக வந்த பையன் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயரின் தோலைச் சீவி, இரண்டு நுனியையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஓட்டைக்குள் விட்டு, கழன்று வராமலிருக்கத் தீக்குச்சியைச் சொருகியிருந்தான். இந்தத் தீக்குச்சி வித்தையை நம் ஊரில் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். யாரோ காலால் பாக்ஸைத் தள்ளியபோது ஒரு நுனி நழுவித் தண்ணீரில் விழுந்தது. பையன் வெறுங்காலோடு நின்றிருந்தான். தூக்கி எறியப்பட்டு டைல்ஸ் அடுக்கில் மோதித் தாடையில் நாலு தையல், அதோடு போயிற்று. போர்டைத் திறந்து பார்த்தேன். ஆர்சிசிபி, அதாவது கரண்ட் தரைக்கு ஒழுகினால் தானாக விழுந்து அறுத்துவிடுகிற சுவிட்ச், இருந்தது. ஆனால் உள்ளே வருகிற வயரையும் வெளியே போகிற வயரையும் ஒன்றாக முறுக்கி, கரண்ட் அதைத் தொடாமலே போகும்படி செய்து வைத்திருந்தார்கள். "மழை பெய்தா சும்மா சும்மா விழுது அண்ணே" என்றார் மேஸ்திரி. அது ஒரு நாளும் சும்மா விழுந்திருக்காது.

அதனால் என் முதல் யோசனை, ரேடியோவை வேலை நடக்கிற இடத்தில் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். மழை, ஈரம், சிமெண்ட் கலவை, வெறுங்கால் இருக்கிற இடத்துக்கு 230 வோல்ட் ரேடியோவுக்காகப் போக வேண்டிய அவசியமே இல்லை. மகிட்டா, டிவால்ட், போஷ் மாதிரி கம்பெனிகள் விற்கிற சைட் ரேடியோக்களில் டிரில்லுக்குப் போடுகிற அதே பேட்டரியைப் போடலாம். ஒரு 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 90 வாட் ஹவர் இருக்கிறது. ரேடியோ சராசரியாக 5 வாட் எடுத்தால் கணக்குப்படி 18 மணி நேரம், வீணாவதைக் கழித்தால் ஏறக்குறைய இரண்டு நாள் வேலை நேரம் தாங்கும். சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தால் இது பாதியாகவும் குறையலாம். டிரில்லுக்கு இரண்டு பேட்டரி வைத்திருப்பவர் பழைய, கொஞ்சம் தளர்ந்துபோனதை ரேடியோவுக்கு ஒதுக்கிவிடலாம், கான்கிரீட்டில் ஓட்டை போட முடியாத பேட்டரிகூட நாள் பூராவும் பாடும்.

சார்ஜ் போடுவது வீட்டிலோ, பூட்டுகிற காய்ந்த அறையிலோ. சைட்டில் சிமெண்ட் மூட்டை அடுக்கிய ஷெட்டுக்குள், மூட்டை மேலேயே சார்ஜரை வைத்துவிட்டுப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்களே, அது வேண்டாம். சிமெண்ட் தூசி சார்ஜரின் காற்று ஓட்டையை அடைத்துவிடும், சூடு வெளியே போகாது. லித்தியம் பேட்டரி சார்ஜர்கள் பலவற்றில் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்றே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த 40 சுலபமாகத் தாண்டிவிடும். மொட்டை மாடி வெயிலில் கிடந்து கொதிக்கிற பேட்டரியைக் கழற்றி நேராகச் சார்ஜரில் மாட்டாமல், நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள்.

கட்டாயம் கரண்டில்தான் ஓட்ட வேண்டும் என்றால்

சில சமயம் பேட்டரி இருக்காது, அல்லது ரேடியோவே கரண்டில் ஓடுகிற வகையாக இருக்கும். சரி, அப்படியானால் ரேடியோவைக் காய்ந்த அறையில் வையுங்கள், ஜன்னலோரமாக. பாட்டு வெளியே வரட்டும், வயர் வரக் கூடாது. அந்த அறைக்குக் கரண்ட் வருகிற வழியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

எம்சிபி இருக்கிறதே, அது போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். எம்சிபி என்பது அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழுகிற சுவிட்ச், வயரைக் காப்பாற்றுகிற சாமான், ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. 6 ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமானால் 6 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனுஷன் உடம்பில் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. 30 மில்லி ஆம்பியர் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். 30 மில்லி ஆம்பியர் என்பது 6 ஆம்பியரில் 200-ல் ஒரு பங்கு. ஆள் துடித்துக்கொண்டிருக்கும்போது எம்சிபிக்கு ஏதோ ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான் தெரியும். ஆர்சிசிபி செய்வது வேறு வேலை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்கு 30 மில்லி ஆம்பியர் ஒழுகினால் 0.3 விநாடிக்குள் அறுத்துவிட வேண்டும், ஒழுகல் அதிகமாக இருந்தால் 0.04 விநாடியில். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், கடையில் 100, 300 மில்லி ஆம்பியரும் இருக்கும். 300 என்பது தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வைப்பது, ஆளுக்கு 30 தான். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், ஒரு கையில் பேஸும் (கரண்ட் வருகிற வயர்) மறு கையில் நியூட்ரலும் (திரும்பிப் போகிற வயர்) பிடித்து, காலுக்கடியில் காய்ந்த பலகையும் இருந்தால் ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது, இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். அதனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் வயரைக் கையால் முறுக்கக் கூடாது.

நான் செய்து வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே இரண்டு போல், 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒரு 6 ஆம்பியர் எம்சிபி, இரண்டு சாக்கெட், ஐந்து மீட்டர் மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி உள்ள) காப்பர் வயர். எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே போர்டில் என்ன கோளாறு செய்து வைத்திருந்தாலும், என் பெட்டிக்குப் பிறகு வருகிற பகுதிக்காவது ஒரு காவல் இருக்கும். இதை ஒரு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்யுங்கள், யூடியூப் பார்த்து நீங்களே முறுக்க வேண்டாம். காலையில் வேலை தொடங்கும்போது அதிலிருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழ வேண்டும். விழவில்லை என்றால், கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், வந்தும் விழவில்லை என்றால் அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதா? ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அதில்தான் ஒழுகல். பெரும்பாலும் தண்ணீர் இறங்கிய டைல்ஸ் கட்டர், அல்லது கம்பிக்கு அடியில் நசுங்கிய வயர், அல்லது பாலித்தீன் கவர் சுற்றி டேப் ஒட்டிய ஜாயின்ட். அந்தக் கவர் உள்ளே தண்ணீரைச் சேர்த்து வைக்கிற குப்பி மாதிரி, அதைப் பாதுகாப்பு என்று யார் கண்டுபிடித்தார்களோ.

வேலை இடத்து எர்த்தை நம்பி இருக்க வேண்டாம் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தற்காலிக மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முழம் கம்பியைச் சரல் மண்ணில் அடித்துவிட்டு எர்த் என்பார்கள். மேற்கே மார்த்தாண்டம், அருமனை பக்கமெல்லாம் சரலும் வெட்டுக்கல்லும்தான். பங்குனி, சித்திரையில் அது காய்ந்து கல்லாகக் கிடக்கும்போது அந்தக் கம்பி பேருக்குத்தான் எர்த். ரேடியோவின் அடாப்டர் பெரும்பாலும் இரண்டு பின்தான், உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டைக் காப்பு என்று அர்த்தம், அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் அந்தக் காப்பு பிளாஸ்டிக் உடையாமல் இருக்கிறவரைதான். மாடியிலிருந்து விழுந்து மூடி பிளந்த அடாப்டரை டேப் ஒட்டி ஓட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். சில பெரிய ரேடியோக்களில் பக்கவாட்டில் 230 வோல்ட் சாக்கெட்டே வைத்திருப்பார்கள். அந்த வகைக்கு மூன்று கோர் வயரும் எர்த்தும் கட்டாயம் வேண்டும், அந்தச் சாக்கெட்டில் கட்டிங் மெஷினை மாட்டுவதற்கு முன் எவ்வளவு ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

வெளிநாட்டு ரேடியோவும் நம் ஊர் சாக்கெட்டும்

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கிறார் என்றே சொல்லலாம், அதனால் இந்தப் பிரச்சினை இங்கே கூடுதல். துபாய், கத்தார், குவைத் பக்கத்திலிருந்து வருவதில் வோல்டேஜ் தகராறு இல்லை, பிளக் வடிவம்தான் வேறு. அந்த மூன்று சதுர முனைக்கு நல்ல கன்வெர்ஷன் பிளக் வாங்குங்கள், ஆடாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஆடுகிற இடத்தில் பொறி வரும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். இல்லையென்றால் பிளக்கையே மாற்றி ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நம் ஊர்ப் பிளக் போட்டுவிடுங்கள், பத்து நிமிட வேலை. இதில் ஒன்றை மறக்காதீர்கள், கல்ஃப் பிளக்குக்குள்ளே ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும், நம் பிளக்கில் அது கிடையாது, அதனால் பின்னால் 6 ஆம்பியர் எம்சிபி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வருவது வேறு கதை. அங்கே 120 வோல்ட். அடாப்டரில் இன்புட் என்ற இடத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலையில்லை. 120 மட்டும் போட்டிருந்தால் இங்கே செருகியதும் போய்விடும், நல்ல நேரமாக இருந்தால் புகையோடு முடியும். சவுதியிலும் முன்பு 127 வோல்ட் புழக்கத்தில் இருந்தது, அந்தக் காலத்துப் பெட்டிகளையும் லேபிள் பார்க்காமல் செருக வேண்டாம். கன்வெர்ஷன் பிளக் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இதை மாற்றிப் புரிந்துகொண்டு எரித்தவர்களை எண்ண என் இரண்டு கை விரல் போதாது.

அடாப்டர் தொலைந்துவிட்டால் வீட்டிலிருக்கிற ரவுட்டர் அடாப்டரையோ கேமரா அடாப்டரையோ எடுத்து மாட்டுவார்கள், ஓட்டை ஒத்துப்போகிறதே என்று. மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். டிசி வோல்டேஜ் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், ரேடியோ 12 என்று கேட்டால் 12. ஆம்பியர் கேட்டதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. அப்புறம் நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஒரு வட்டப்படம் போட்டிருக்கும், அது ரேடியோவிலும் அடாப்டரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புதிதாக வாங்கினால் பிஐஎஸ் பதிவு எண் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற அடாப்டரின் உள்ளே 230 பக்கத்துக்கும் 12 பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறான் என்பது பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு வாங்குவதில்லை.

மழை, உப்புக்காற்று, இடி

ரேடியோவின் பெட்டியில் ஐபி65 என்றோ ஐபிஎக்ஸ்4 என்றோ போட்டிருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கிற தண்ணீர், 5 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் பீய்ச்சுகிற தண்ணீரைத் தாங்கும். பெருமையாகச் சொல்வார்கள், மழையில் நனையலாம் அண்ணே என்று. நனையலாம், ஆனால் அது பேட்டரியில் ஓடும்போது, பேட்டரி மூடி, அடாப்டர் ஓட்டையின் ரப்பர், யுஎஸ்பி மூடி எல்லாம் அடைத்திருக்கும்போது. அடாப்டரைச் செருகிய கணமே ரப்பர் திறந்துவிட்டது, அடாப்டருக்கோ அந்தத் தாங்கும் தன்மை பெரும்பாலும் இல்லை, கட்டிடத்துக்குள் மட்டும் என்றே அதில் எழுதியிருக்கும். ரேடியோ மழைக்குத் தாங்கும், அதன் வால் தாங்காது. நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலா மழை என்கிற ஐப்பசி மழையும் உண்டு, வருஷத்தில் இரண்டு தடவை இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடலோரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் பிளக் பின், சாக்கெட்டின் உள்தகடு, பேட்டரி முனை எல்லாம் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறினால் தொடுகிற இடம் சரியாகப் பிடிக்காது, பிடிக்காத இடத்தில் சூடு. பிளக்கைக் கழற்றியதும் பின்னைத் தொட்டுப் பாருங்கள், ரேடியோ மட்டும் ஓடிய சாக்கெட்டில் பின் சுடவே கூடாது. சுட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள். ஸ்டேஷன்களை நினைவில் வைக்கச் சில ரேடியோவில் இரண்டு பென்சில் பேட்டரி போட்டிருக்கும், அது மழைக்காலத்தில் ஒழுகி உள்ளே அரித்துவிடும், வேலை இல்லாத மாதங்களில் எடுத்து வைத்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் ஆணியடித்து இடுப்புயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலி போட வேண்டாம். உருளையில் சுற்றிய வயராக இருந்தால் முழுக்க அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள். ரேடியோ மட்டும் என்றால் சுற்றிக் கிடந்தாலும் ஒன்றுமாகாது, ஆனால் அந்தப் பாக்ஸில் ரேடியோ மட்டும் ஒரு நாளும் இருக்காது, பத்து நிமிடத்தில் யாராவது கட்டரையும் செருகுவார்கள்.

ஏரியல் பற்றி. நாகர்கோவில் வானொலி கோணம் என்ற இடத்தில் இருக்கிறது, 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியது நம் ஊரில்தான். எஃப்எம் 101 மெகாஹெர்ட்ஸ். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மலை மறைக்கிற இடங்களில் கரகரவென்று வரும், உடனே ஒரு செம்புக் கம்பியை ஏரியலில் கட்டி மாடிக் கம்பியிலோ தென்னையிலோ எறிவார்கள். அந்த உயரத்தில்தான் போஸ்டிலிருந்து வருகிற சர்வீஸ் வயரும், சில தெருவில் 11,000 வோல்ட் லைனும் போகிறது. தேவையே இல்லாத ஆபத்து. 101 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர், அதில் கால்வாசி போதும், அதாவது முக்கால் மீட்டர் கம்பி. ரேடியோவிலிருக்கிற ஏரியலை முழுக்க இழுத்துவிட்டு, பெட்டியை இரண்டடி நகர்த்தி, திருப்பிப் பாருங்கள். கம்பிக்கட்டுகளுக்கு நடுவே வைத்திருந்தால் வெளியே எடுங்கள். முக்கால்வாசி இடத்தில் அதுவே போதும்.

துலாம் மாதத்தில் மத்தியானத்துக்குப் பிறகு மலைப்பக்கம் கறுத்தால், இடி கேட்கிற வரைக்கும் காத்திருக்காமல் அடாப்டரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, மின்னலுக்கு அந்தச் சின்ன இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. ஜெனரேட்டரில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு வார்த்தை. சின்ன ஜெனரேட்டரில் கட்டர் நிற்கிற நொடியில் வோல்டேஜ் குதிக்கும், பல அடாப்டர்கள் அப்படித்தான் செத்தன. அங்கேயும் பேட்டரிதான் நல்லது. சத்தத்தையும் ஓர் அளவில் வையுங்கள். மேலே இருப்பவன் "கம்பி வருது, ஒதுங்கு" என்று கத்துவது கீழே இருப்பவனுக்குக் கேட்க வேண்டும்.

யாருக்காவது கரண்ட் அடித்துவிட்டால்

ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், மெயின் எங்கே என்பது வேலைக்கு வந்த முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்க வழியே இல்லையென்றால் காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். தெரு லைன் பட்டிருந்தால் கட்டையும் உதவாது, கிட்டேயே போகாமல் மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி லைனை நிறுத்தச் செய்யுங்கள். 108-ஐ ஒருவர் கூப்பிடட்டும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி அமுக்கிக்கொண்டே இருங்கள். ஆளை மண்ணில் புதைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், அதில் போகிற ஒவ்வொரு நிமிடமும் திரும்பி வராது. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, ஒரு சாயா குடிச்சா சரியாயிரும்" என்று சொன்னாலும் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். அந்தப் பையனும் அப்படித்தான் சொன்னான்.

ரேடியோ தண்ணீரில் விழுந்துவிட்டால், வயர் மாட்டியிருந்தால் தண்ணீருக்குள் கையைப் போடாமல் முதலில் மெயினை அணையுங்கள். பேட்டரியில் ஓடியது என்றால் எடுத்துப் பேட்டரியைக் கழற்றி, துடைத்து, மூடிகளைத் திறந்து நிழலில் மூன்று நாலு நாள் வையுங்கள், வெயிலிலும் அடுப்போரத்திலும் வேண்டாம். உப்புத்தண்ணீராக இருந்தால் தானாகக் காயட்டும் என்று விடாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். நனைந்த பேட்டரியை மட்டும் எக்காரணம் கொண்டும் சார்ஜரில் போடாதீர்கள். காய்ந்துவிட்ட மாதிரி தெரியும், உள்ளே செல்லுக்கு நடுவில் ஈரம் இருக்கும், தீப்பிடித்தால், தண்ணீர் ஊற்றி அணைக்கிற சாதாரணத் தீ மாதிரி லேசில் அடங்காது. வீட்டுக்கு வெளியே, காய்ந்த இடத்தில், தகர டப்பாவில் வைத்திருந்து பேட்டரி திரும்பி வாங்குகிற கடையில் கொடுத்துவிடுங்கள்.